அட்வென்ட்டுக்கு முன் சுரண்டிய கூரை

பர்னபாஸ் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் அட்டெண்டராக இருந்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு அமிலம் அவர் விரலில் பட்டதில்லை. மாணவர்களிடம் அவர் அதிகம் சொன்ன சொல் 'தொடாதே' என்பது. வீட்டுக்கு வந்துவிட்டால் அவர் தொடாத பொருள் கிடையாது. குழாய், மிக்ஸி, தையல் மிஷின், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், எல்லாவற்றையும் கழற்றுவார். கழற்றியதில் பெரும்பகுதியைத் திரும்ப மாட்டியும் விடுவார். கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்குவது அவருக்கு ஏதோ ஒழுக்கக் குறைவு போலவே பட்டது.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் பின்வாங்கியே ஆகவேண்டிய சந்தில் அவர் வீடு. முன்னறைக்கும் படுக்கையறைக்கும் கான்கிரீட். பின்னால் சமையலறைக்கும் துவைக்கிற இடத்துக்கும் ஷீட். 1998-ல் அவரே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, துளை போட்டு, போல்ட் முடுக்கிய கூரை அது. மைசூர் மழைக்கு வருஷா வருஷம் அதன்மேல் கறுப்பாகப் பாசி படியும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான அட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, பழைய காக்கிக் கோட்டை மாட்டி, மூக்கில் கைக்குட்டை கட்டி, கம்பி பிரஷ்ஷோடு பர்னபாஸ் மேலே ஏறுவார். காய்ந்த கூரையைத்தான் தேய்ப்பார். நனைத்தால் வழுக்கும், அதோடு பாசிக் குழம்பு போல்ட் துளை வழியாக இறங்கிக் குழம்புச் சட்டியில் விழும். தேய்த்து முடித்ததும், வெயில் காலத்தில் சூடு இறங்காமலிருக்கப் பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கை அடிப்பார். அதற்குப் பிறகுதான் வாசலில் நட்சத்திரம் தொங்கும்.

ஏணியின் கீழ்முனை அவர் மனைவி லிசாவின் பொறுப்பு. சர்ச் பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிற லிசாவுக்குக் குரலும் சுத்தமும் இரண்டு பெருமைகள். அவர் மேலே இருக்கிற மூன்று மணி நேரமும் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, "ஏன்ரீ, பாத்துரீ, அந்தப் பக்கம் போகாதீங்க" என்று மைசூர்க் கன்னட 'ரீ' போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் இறங்கியதும் கோட்டை வாங்கித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் படார் படாரென்று அடிப்பாள். தூசியோடு ஊறப்போட்டால் வாளி அழுக்காகிவிடும் என்பது அவள் கட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பர்னபாஸுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பற்றி அந்தச் சந்திலேயே அதிகம் தெரியும். 2006-ல் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பர்னர் மேல் பீக்கர் வைக்கிற கம்பி வலைகளின் நடுவில் வெள்ளை வட்டமாக இருக்கிறதே, அது ஆஸ்பெஸ்டாஸ், அதன் நார் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும், வலைகளை உடனே அப்புறப்படுத்தவும் என்று. அப்புறப்படுத்தியவர் பர்னபாஸ்தான். தண்ணீர் தெளித்து, இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே ஒரு மண்டையோடு வரைந்து ஒட்டினார். மண்டையோடு கொஞ்சம் சிரிப்பது போல அமைந்துவிட்டது என்றாலும் வேலை சுத்தம். அந்தக் கதையைப் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். "ஆஸ்பெஸ்டாஸ்னா சும்மாவா? ஒரு நார் உள்ள போனா ஆயுசுக்கும் வெளில வராது!" அதே வருஷம் அட்வென்ட்டுக்கு முன்னாலும் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறினார். ஆய்வகத்தில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். வீட்டில் இருந்தது சிமென்ட் ஷீட். இரண்டுக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் தூரம் இருந்தது.

இந்த வருஷ ஈஸ்டரிலிருந்து லிசாவுக்கு வறட்டு இருமல். ஒரு வரியை ஒரே மூச்சில் பாடி முடிக்கிறவள், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். சந்துக் கோடியில் ஊதுபத்தி உருட்டி, கொளுத்திப் பார்க்கிற வீட்டைக் குற்றம் சொன்னாள். பர்னபாஸும் அதையே சொன்னார். அடுத்தவர் வீட்டுப் புகை என்பது எவ்வளவு சௌகரியம்!

டிசம்பர் முதல் வாரம் மகள் நிம்மி ஒரு போட்டோ அனுப்பினாள். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் அவள். கல்யாணமாகி அங்கேயே குடியிருக்கிறாள். போட்டோவில் நாலு பேர். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் டப்பா வைத்த மாஸ்க். ஒருவர் ஹோஸில் தண்ணீர் தெளிக்க, மற்றவர்கள் ஒரு பழைய ஷெட்டின் கூரையிலிருந்து ஒரு ஷீட்டை, தூங்குகிற குழந்தையை இறக்குவது போல இறக்கிக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் போன் போட்டார்.

"என்ன நிம்மி, சந்திரனுக்குப் போறாங்களா?"

"பழைய ஷெட்டைப் பிரிக்கறோம் டாடி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இப்படித்தான் எறக்கணும்."

"எது ஆஸ்பெஸ்டாஸ்? நம்ம சமையல்ரூம் ஷீட் மாதிரின்னா இருக்கு."



"டாடி, இந்த வருஷம் தேய்ச்சாச்சா?"

"ஆச்சே. சனிக்கிழமையே ஆச்சு. பளிச்னு இருக்கு."

"நனைச்சா, காய்ஞ்சா?"

"காய்ஞ்சுதான். நனைச்சா வழுக்கும்ல?"

"அய்யோ டாடி!"

அவள் சொன்னதை அவர் நின்றுகொண்டே கேட்டார். ஷீட் முழுசாக, அசையாமல் இருந்தால் பெரிய பயமில்லை. நார் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தால், துளைத்தால், உடைத்தால், காய்ந்த நிலையில் தேய்த்தால் வெளியே வரும். வந்தது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உள்ளே போனால் இருபது வருஷம், முப்பது வருஷம்கூடச் சும்மா இருந்துவிட்டு அப்புறம் காட்டும். எல்லாருக்கும் வரும் என்றில்லை. யாருக்கு வரும் என்றும் சொல்ல முடியாது.

அறுத்தல், துளைத்தல், உடைத்தல், தேய்த்தல். உடைந்த துண்டுகளைத் துவைக்கிற இடத்தில் மிதிகல்லாகப் போட்டிருந்ததும் பர்னபாஸுக்கு ஞாபகம் வந்தது. நாலிலும் அவர் பாஸ்.

"நம்மது அதுதான்னு நீ எப்படிச் சொல்றே? பாத்தாத் தெரியுமா?"

"பாத்தாத் தெரியாது. நார் இல்லாத ஷீட்டும் இதே மாதிரிதான் இருக்கும். துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கணும். நீங்க துண்டு எடுக்கப் போகாதீங்க! அவ்வளவு பழைய ஷீட்டுன்னா அதுதான்னு வெச்சுக்கறதுதான் சேஃப்டி."

"ஏம்மா, நான் முப்பத்தொரு வருஷம் லேப்ல இருந்தவன்."

"அதுதான் டாடி எனக்குப் பயமா இருக்கு." அவள் குரல் இறங்கியது. "நானும் யோக்கியம் கெடயாது. ஃபேக்டரில ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறேன். பொறந்ததுல இருந்து அந்தக் கூரைக்குக் கீழதான் சாப்பிட்டேன், ஒரு நாளாவது நிமிர்ந்து பாத்தேனா? மம்மி இருமல் எப்படி இருக்கு?"

"ஊதுபத்திப் பொகை."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஷீட் விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க. முதல்ல அதச் சொல்லுங்க."

"மம்மிகிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே. நான் சொல்லிக்கறேன்."

அன்றைக்கே அவர் கூரையைப் பார்க்க ஏணியில் நாலு படி ஏறினார். ஷீட்டின் மேல்பக்கம் கம்பெனி முத்திரை ஏதாவது இருக்கும். இருந்தது, இருபத்தேழு வருஷத்துச் சுண்ணாம்புக்குக் கீழே. அதைப் படிக்க வேண்டுமானால் சுரண்ட வேண்டும். சுரண்டக் கூடாது என்றுதான் நிம்மி இப்போது சொல்லியிருக்கிறாள். இறங்கிவிட்டார்.

ஷீட் வாங்கின ஹார்டுவேர் கடை நடந்து போகிற தூரம்தான். அப்போது கல்லாவில் இருந்தவரின் மகன் பசவராஜ் இப்போது உட்கார்ந்திருக்கிறார். பர்னபாஸ் சுற்றி வளைத்துக் கேட்டார். பசவராஜ் கன்னடத்தில், பெருமையாகவே சொன்னார்:

"அந்தக் காலத்துல வேற எந்த ஷீட்டு சார்? எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ்தான். நல்ல மால். இன்னும் ஐம்பது வருஷம் ஒண்ணும் ஆகாது. ஏன் சார், மாத்தப் போறீங்களா? மாத்தாதீங்க!"

திரும்பி வரும்போது பர்னபாஸ் அந்தச் சந்தில் முதல்முறையாகக் கூரைகளைப் பார்த்தார். டைலர் கடை, மாவு மில், அங்கன்வாடி, ஊதுபத்தி வீடு. எல்லாம் ஷீட். எல்லாம் சும்மா கிடந்தது. தன் கூரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிற உழைப்பாளி அங்கே வேறு யாரும் இல்லை. சோம்பேறிகளைக் கர்த்தர் காப்பாற்றியிருந்தார்.

இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. மேலே இருந்த தனக்குக் காற்று இருந்தது, மூக்கில் கைக்குட்டை இருந்தது. தூசி கீழேதான் இறங்கியது. கீழே நிமிர்ந்த முகத்தோடு லிசா நின்றாள்.

டாக்டர் சுசித்ரா மார்பு நோய் பார்க்கிறவர். பொறுமைசாலி. கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். லிசாவின் வழக்கம், கேட்கப்பட்ட கேள்விக்கும் கேட்கப்படாத இரண்டுக்கும் சேர்த்துத் தானே பதில் சொல்வது. வீட்டில் சிகரெட் இல்லை. விறகடுப்பு இல்லை. வேலைக்குப் போனதில்லை.

"தூசியில் வேலை ஏதாவது? வீட்டில் தூசி?"

"தூசியா?" லிசா சிரித்தே விட்டாள். "எங்க வீட்டு அடுப்பு மேடையில விரலை வெச்சுப் பாருங்க டாக்டர். சர்ச்சுல கேளுங்க என்னப் பத்தி."

டாக்டர் பர்னபாஸைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம்."

அந்த மூன்று எழுத்துச் சொல் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவர் பிற்பாடு பல தடவை யோசித்தார். பொய் சொல்கிறவர் அல்ல அவர். ஆனால் சொன்னால் அது ஃபைலில் ஏறும், ஏறினால் உண்மையாகிவிடும். சொல்லாதவரை ஊதுபத்தி வீட்டுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. எக்ஸ்ரேயிலேயே ஒன்றும் இல்லாமல் போகலாம். அப்போது எதற்கு அனாவசியமாக ஒரு பெண்பிள்ளையைப் பயமுறுத்துவது? இரக்கம் மாதிரியே உடுத்திக்கொண்டு வருகிற பயத்தை அடையாளம் காண்பது, அந்த ஷீட்டை அடையாளம் காண்பதைவிடக் கடினம்.

சாயங்காலம் நிம்மி போனில் கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

எக்ஸ்ரேயில் இருந்தது. நுரையீரலைச் சுற்றின உறையில் இரண்டு பக்கமும் தடிப்பு. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பழைய டி.பி.யாகவும் இருக்கலாம். சளி டெஸ்ட் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அவர் சொன்னது 'இருக்கலாம்'. லிசா வீட்டுக்கு எடுத்து வந்தது 'டி.பி.'.

அன்று ராத்திரியே ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாகப் போயின. டம்ளர் மாறிவிடாமலிருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். பாடகர் குழுவில் தொண்டை சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டாள்; கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆல்டோவில் ஒரு குரல் நிற்பது அங்கே சின்ன விஷயமல்ல. யாரோ விசாரிக்க வந்தபோது கதவைப் பாதி திறந்து, வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பதில் சொன்னாள். சுத்தத்தின் பெயரால் நாற்பது வருஷம் ஊரைக் கண்டித்தவள், இப்போது தன்னையே ஓர் அழுக்குத் துணி மாதிரி ஓரமாக வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எதுக்கு லிசா?" என்றார் பர்னபாஸ்.

"எதுக்கா? நிம்மிக்கு நாளைக்கு ஒரு கொழந்தை பொறந்தா நான் தூக்க வேணாமா? ஒட்ட வெச்சுட்டா? நீங்க தள்ளி உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து, ஒரே கிண்ணத்துத் திராட்சரசத்தை எல்லாரும் பருகுவது. வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். லிசா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தும் எழுந்திருக்கவில்லை. பர்னபாஸ் குனிந்து, "வா" என்றார்.

"எல்லாரும் வாய் வெக்கற பாத்திரம்ரீ. என்னால முடியாது. நீங்க போங்க."

அவர் போனார். மண்டியிட்டார். போதகர் கிண்ணத்தை நீட்டினார். பர்னபாஸ் அதைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். போதகர் ஒரு நொடி திகைத்து அடுத்தவரிடம் நகர்ந்தார். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ஏதோ ஒட்டுநோய் வந்துவிட்டதாக அன்று மத்தியானத்துக்குள் மண்டி மொஹல்லா முழுக்கத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் லிசா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லிசா, உனக்கு டி.பி. இல்ல."

"ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"வரல."

"பின்ன? நீங்க எப்பரீ டாக்டர் ஆனீங்க?"

அவர் ஆரம்பித்தார். மோசமாகத்தான் ஆரம்பித்தார், ஆஸ்பெஸ்டாஸ் என்பது ஒரு தாது, பூமியிலிருந்து வெட்டி எடுப்பது, அதில் ஆறு வகை என்று. மாணவர்களிடம் பேசிப் பழகின வாய். லிசா கத்தியை நிறுத்தவில்லை. ஷீட், தூசி, இருமல் என்று ஒருவழியாக வந்து சேர்ந்தார். உறுதியாகத் தெரியாது, ஆனால் எக்ஸ்ரேயில் தெரிந்தது அதுவாக இருக்கலாம் என்றார்.

லிசா நிமிர்ந்தாள். "அப்ப இது ஒட்டாதா?"

"ஒட்டாது."

"யாருக்கும்?"

"யாருக்கும் ஒட்டாது."

"அய்யோ தேவரே, ஸ்தோத்திரம்!" என்று கத்தியைக் கீழே போட்டாள். எழுந்து போய் அந்தச் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தாள். "ஒரு வாரமா என்னைச் சாகடிச்சுட்டீங்களே! வெறும் தூசிதானா? இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நாளைக்கே கொயருக்குப் போறேன்." இருமிக்கொண்டே சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

பர்னபாஸ் அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தார். நினைத்தது உண்மை. பிறகு, "லிசா, உக்காரு. இன்னும் முடியல" என்றார்.

மீதியைச் சொன்னார். உள்ளே போன நார் வெளியே வராது என்பதைச் சொன்னார். போகப்போகத் தடிக்கலாம் என்பதையும், சிலருக்குக் கேன்சர் வரை போகிறது என்பதையும் சொன்னார். தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடி அவள் கேட்டாள்.

"ஏணியப் புடிச்சுக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு நிப்பேனே."

"ஆமா."

"நீங்க விழுந்துடக் கூடாதுன்னு."

"ஆமா லிசா."

"கோட்டைத் தட்டுவேன். அதுலயுமா?"

"அதுலதான் ஜாஸ்தி."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் கேட்டது, அவர் பயந்த கேள்வி அல்ல. எத்தனை நாள் இருப்பேன் என்று அவள் கேட்கவில்லை.

"டாக்டர் தூசி இருக்கான்னு கேட்டப்ப எனக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

பர்னபாஸ் கீழே கிடந்த கத்தியை எடுத்து பீன்ஸ் பக்கத்தில் வைத்தார்.

"நான் பெருமையாச் சிரிச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க." அவள் பீன்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நீங்கதான் சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் டாக்டர் சுசித்ராவின் மேஜைக்கு எதிரே லிசா உட்கார்ந்து சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். டாக்டரே ஆச்சரியமாக இரண்டு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். சளியில் டி.பி. கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தது. பர்னபாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். கூரை, பிரஷ், ஏணி, கோட்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இதை முதல் நாளே ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"யாருக்கு?"

"எனக்கு."

டாக்டர் மேற்கொண்டு திட்டவில்லை. இதனால்தான் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், எவ்வளவு மூச்சு இழுத்து விட முடிகிறது என்று அளக்க வேண்டும், இந்தத் தடிப்பு மட்டுமே என்றால் பலர் வருஷக்கணக்கில் நன்றாகவே இருக்கிறார்கள் என்றார். கூரையை யாரும் தொடக் கூடாது. மாற்றுவதானால் பழகின ஆள், நனைத்து, உடைக்காமல். பர்னபாஸும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சொல்லிக்கொண்டே ஃபைலில் எழுதினார்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை தேய்ப்பீங்க?"

"ஒரு தடவைதான் டாக்டர்" என்றாள் லிசா. வாயைத் திறக்க மாட்டேன் என்றவள், புருஷன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள். டாக்டர் 'ஒன்று' என்று எழுதினார்.

"ரெண்டு மேடம்" என்றார் பர்னபாஸ்.

லிசா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடியும். உள்பக்கம். சமையல்ரூம்ல எண்ணெய்ப் பொகை ஒட்டியிருக்கும்ல, அது. இவ பெரிய வியாழன் ஆராதனைக்குப் போயிருக்கறப்போ. தூசி மத்த ரூமுக்குப் போகக் கூடாதுன்னு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு."

"ஈரத்துணியாலதான் தொடைச்சேன்னு சொன்னீங்க?" என்றாள் லிசா.

"ஈரத்துணிக்கு அது வரல."

"அப்புறம் நான் வந்து..."

"ஆமா. நீ வந்து அங்கதான் சமைச்சே."

டாக்டர் எழுதியதை அடித்தார். "எந்த வருஷத்துலேருந்து?" என்று கேட்டார். பர்னபாஸ் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஷீட்டை அறுத்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார்.